ரவுடிக்கு வீடு பார்த்த அக்கா

கள்ளிக்குப்பத்தில் நாங்கள் மாடியில் குடியிருந்தபோது கீழே வீட்டுக்கார அக்கா பார்லர் நடத்திக்கொண்டிருந்தார். பார்லர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னறையில் ஒரு சுழல் நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, சுவரில் மாதா படம், மாதாவின் காலடியில் ஃபேஷியல் கிரீம் டப்பாக்கள். அவ்வளவுதான். புருவம் திருத்த வருகிறவர்கள் கண்ணை மூடிச் சாய்ந்ததும் அக்கா நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வார். அந்த நேரத்திலாவது அவர் வாய் ஓய்ந்திருக்கும் என்று நினைத்தால் தப்பு. நூலைக் கடித்தபடியே அந்தத் தெருவில் யார் யாருக்குப் புத்தி குறைவு என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அக்காவுக்கு எதற்கும் காத்திருக்கத் தெரியாது. இட்லி வேகிறவரை பொறுக்காமல் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பார். பிறகு வேகாத இட்லியைத் தின்றுவிட்டு அரிசியைத் திட்டுவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஃபாதர் பிரசங்கத்தைக் கொஞ்சம் நீட்டினால் முதல் வரிசையிலிருந்து ஓர் இருமல் கேட்கும். அந்த இருமலின் அர்த்தம் ஃபாதருக்குத் தெரியும். உடனே "இறுதியாக" என்று ஆரம்பித்துவிடுவார். ரயில்வே கேட் மூடியிருந்தால் கேட்கீப்பரைக் கூப்பிட்டு, "இன்னா நைனா, ரயிலு இன்னும் அரக்கோணத்துல பல்லு வெளக்கிகினு கீதா?" என்று கேட்பார். டாக்டரிடம் போனால் அவர் வாயைத் திறப்பதற்குள் என்ன வியாதி, என்ன மாத்திரை என்று இரண்டையும் அக்காவே சொல்லிவிடுவார். டாக்டருக்குக் கையெழுத்து போடுகிற வேலைதான்.

இப்படிப்பட்டவருக்கு ஆண்டவர் ஒரு பயந்தாங்கொள்ளி நாயை அனுப்பிவைத்தார். ஆண்டவருக்கும் பொழுது போகவேண்டாமா?

பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனது. டிவி, ஃபிரிட்ஜ், ஏசி, ஜன்னல் திரை, மொட்டைமாடியில் கட்டியிருந்த கொடிக்கயிறு வரை ஒன்று விடாமல் ஏற்றிக்கொண்டு போனவர்கள், அதே மொட்டைமாடியில் இருந்த நாயை மட்டும் மறந்துவிட்டார்கள். கொடிக்கயிறு விலை ஏறிப்போயிருந்ததோ என்னவோ. மறுநாள் மதியம்தான் தெருவுக்கு முனகல் கேட்டது. நல்ல வெயில். வீட்டுச் சொந்தக்காரர் பூந்தமல்லியில் இருந்தார். சாயங்காலம் சாவியோடு வருவதாகப் போனில் சொன்னார். தெருக்காரர்கள் கேட்டுக்கு முன்னால் கூடி நின்று மிகவும் வருத்தப்பட்டார்கள். ஒருவர் கார்ப்பரேஷனுக்குச் சொல்லலாம் என்றார். இன்னொருவர் வாட்ஸப் குரூப்பில் போட்டிருப்பதாகச் சொன்னார். குரூப்பில் அதற்குள் இருபது முப்பது பேர் கைகூப்பிய பொம்மை போட்டிருந்தார்கள். நாய் பிழைக்காமல் என்ன செய்யும்?

அக்கா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் அம்மிக் குழவியோடு வந்தார்.

"தள்ளு."

இரண்டே போடு. பூட்டு கீழே விழுந்தது. சாயங்காலம் சாவியோடு வந்த சொந்தக்காரர் பார்லர் வாசலில் நின்று கத்தினார். "யாரைக் கேட்டும்மா பூட்ட ஒடச்சீங்க?"

"நாயக் கேட்டுத்தான் அண்ணாத்தே. பூட்டு போனா கடையில வேற கெடைக்கும். உசுரு எந்தக் கடையில விக்கிதுன்னு சொல்லுங்க, அதையும் போயி வாங்கியாறேன்."

அவருக்குக் கடை தெரியவில்லை. போய்விட்டார்.

நாய் பழுப்பு நிறம். விலா எலும்புகளைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். அக்கா தூக்கிவந்து கீழே விட்டதும் உள்ளறைப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் நுழைந்துகொண்டது. பிறகு வெளியே வரவில்லை. துடைப்பத்தைப் பார்த்தால் நடுங்கும். செருப்புச் சத்தம் கேட்டால் நடுங்கும். குக்கர் விசில், ஹேர் டிரையர், பக்கத்து வீட்டு ஆம்பிளைக் குரல் எல்லாவற்றுக்கும் நடுங்கும். முன்பு இருந்த வீட்டில் அதை எப்படி வளர்த்தார்கள் என்பதை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"பேரு இன்னாக்கா வைக்கப்போறீங்க?" என்று கேட்டேன்.

அக்கா குனிந்து பீரோ இடுக்கைப் பார்த்தார். "மூச்சுகூட உடாம பம்மிகினு கீது பாரு. ஏரியாவே நடுங்குது. ரவுடின்னு வச்சிடலாம்."

ரவுடியைப் பழக்குவது எப்படி என்று அக்கா யூடியூபில் பார்த்தார். பக்கத்தில் சாப்பாட்டை வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல், பேசாமல், அசையாமல் உட்கார்ந்திருக்கவேண்டுமாம். பேசாமல், அசையாமல்! அந்த வீடியோவையே அக்கா வேகத்தைக் கூட்டி வைத்துத்தான் பார்த்தார். இருந்தாலும் தயிர்சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கூரையைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். கதவு வழியாக முன்னறை மாதாவைப் பார்த்தார். பீரோ இடுக்கிலிருந்து ஒரு மூக்கு மெதுவாக வெளியே வந்தது. தயிர்சாதத்தை மோந்தது. ஒரு வாய் எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது.

"அட துன்னுத் தொலையேன்டா!"

மூக்கு உள்ளே போய்விட்டது. பீரோவுக்கு அடியிலிருந்து ஈரம் பரவி வந்தது.

"நான் இன்னாடி கொஞ்சுனாலும் அதுக்குத் திட்டுற மாதிரியே கேக்குது" என்று அக்கா துணியை எடுத்துத் துடைத்தார்.

அவர் கொஞ்சினால் எங்களுக்கும் அப்படித்தான் கேட்கும். நான் அதைச் சொல்லவில்லை. வீட்டுக்கார அம்மா.

ஹேர் டிரையர் ஓடுகிற வீட்டில் அந்த நாய் தேறாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. பொறுமையான ஒரு வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். விளம்பரத்தை என் போனில் நான்தான் போட்டேன். 'கூச்ச சுபாவமுள்ள நாய்க்கு அன்பான வீடு தேவை' என்று எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டு, "அன்பு எல்லாராண்டயும்தான் கீது, தெருவுல வழியுது. பொறுமைன்னு போடு" என்றார். மாற்றினேன்.

முதலில் ஆவடிப் பக்கமிருந்து ஒருவர் காரில் வந்தார். தங்கச் செயின், பெரிய வீடு, பாதுகாப்புக்கு நாய் வேண்டுமாம். பீரோவைப் பார்த்துக் கைதட்டினார். பீரோ அசையவில்லை.

"நல்லாக் கொலைக்குமா?" என்று கேட்டார்.

"கொலைக்காது சார். அதுக்குத்தான் நீங்க கீறீங்களே."

அடுத்து திருமுல்லைவாயில் அபார்ட்மென்ட் ஒன்றிலிருந்து கணவனும் மனைவியும் வந்தார்கள். பையனுக்குப் பிறந்தநாள் வருகிறது, பரிசாக நாய் கொடுக்கப்போகிறார்கள். வெள்ளையாக, புசுபுசுவென்று, கை குலுக்குகிற மாதிரி இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் அந்தம்மா. ரவுடி பழுப்பு, வழவழப்பு, கையை யாரிடமும் கொடுப்பதில்லை. அக்கா அவரை நாற்காலியில் உட்காரவைத்து ஓசியில் புருவம் திருத்த ஆரம்பித்தார். கண் மூடியிருப்பவர் எழுந்து ஓடமுடியாது. "அடுத்த பொறந்தநாளுக்கு வேற பொம்மை கேப்பானே, அப்போ இத்த இன்னா பண்ணுவீங்க?" என்று ஆரம்பித்துக் கேள்விமேல் கேள்வி. அந்தம்மா எழுந்தபோது இரண்டு புருவமும் கேள்விக்குறிபோல வளைந்திருந்தன.

பிறகு ஒரு தம்பி. தெருநாய்களைக் காப்பாற்றி வீடியோ போடுகிறவன். போனை ஸ்டாண்டில் நிறுத்தி, விளக்கைப் போட்டு, பீரோவுக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து அழுதான். நிஜமாகவே கண்ணீர் வந்தது. வெளிச்சம் சரியில்லை என்று நிறுத்தி, விளக்கைத் தள்ளிவைத்துவிட்டு மறுபடியும் அழுதான்.

"நைனா," என்றார் அக்கா, "அத்த ஆஃப் பண்ணிட்டு ஒருவாட்டி அழு, பாக்கலாம்."

அவனுக்கு வரவில்லை. மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

இப்படியே வந்தவர்கள் எல்லோரையும் துரத்தியாயிற்று. "பொறுமையே இல்ல ஜனங்களுக்கு" என்று அவர் நூலைக் கடித்துக்கொண்டு சொல்லும்போது நான் மாதாவைப் பார்ப்பேன். மாதா எதுவும் சொல்லமாட்டார்.

கடைசியில் ஒரு நல்ல குடும்பம் கிடைத்தது. அமைதியான மனிதர்கள். சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள், கணவன் மனைவி இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் வேலை. மெதுவாகப் பேசினார்கள். அக்கா கேட்ட கேள்விக்கெல்லாம் அழகாகப் பதில் சொன்னார்கள். ரோமன் கத்தோலிக்க அக்கா, சபை வித்தியாசத்தையும் மன்னித்து நாயைக் கொடுத்தார். ரவுடியைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றியபோது, "போ, போ, சனியன் ஒழிஞ்சது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், அன்று வந்த வாடிக்கையாளர்களிடம் பார்லர் லீவு என்றார்.

அந்த வாரம் முடிவதற்குள் அவர்கள் திரும்பிவந்தார்கள். போர்வைக்குள் நாய் இன்னும் இளைத்திருந்தது.

"எங்களோட பழகவே இல்லைங்க" என்றார் அந்தக் கணவர். "சாப்பிடவும் இல்ல. எங்களுக்கே மனசு கஷ்டமா இருக்கு."

"எத்தினி நாளு பாத்தீங்க?" அக்காவின் குரல் தெருமுனை வரைக்கும் போனது. "ஊறுகா போட்டாக்கூட அதவிட நாளாவும்! பைபிள்ல நீடிய பொறுமைன்னு இன்னாத்துக்குப் போட்டுக்கீது, படிச்சி ஒப்பிக்கவா? உசுருய்யா அது! துணிக்கடையில எடுத்த பொடவையா, கலர் புடிக்கலன்னு திருப்பிக் குடுக்க?"

அந்தம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அக்கா நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு கேள்வி மிச்சம் இருந்தது. அப்போதுதான் நான் நாயைப் பார்த்தேன். போர்வையோடு சேர்ந்து கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. மூக்கைச் சுவரில் முட்டி முட்டி, சுவருக்குள் போக வழி தேடியது. அந்தக் கணவனுக்கோ மனைவிக்கோ அது பயப்படவில்லை.

"அக்கா," என்றேன். "அது உங்களப் பாத்துதான்..."

அக்கா திரும்பிப் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது. அந்தக் குடும்பம் சந்தடியில்லாமல் கிளம்பிப் போனது.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா மாடிக்கு வந்தார். நான் போட்ட காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். அவர் ஒரு பொருளை ஆறவிட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

"திருவேற்காட்டுல ஒருத்தரு கீறாரு" என்றார். "அவராண்ட உட்டுடலாம்."

"யாருக்கா?"

"எங்க ஊட்டுக்காரரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா தனியாக இருப்பவர் என்று தெரியும். ஏன் என்று கேட்கும் தைரியம் தெருவில் யாருக்கும் இருந்ததில்லை. அவரே சொன்னார். கணவர் தொழிற்பேட்டையில் ஒரு பைப் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். குடி கிடையாது, அடி கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. மெதுவு. அது ஒன்றுதான்.

"காபி வேணுமான்னு கேட்டா, அவரு யோசிச்சி வேணும்னு சொல்றதுக்குள்ள பாலு திரிஞ்சிடும். இருவது வருசம் பொறுத்தேன்டி."

இருபது வருடம் அக்கா பொறுத்தார் என்பதை என்னால் நம்பமுடியவில்லை. சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்கப்பாவுக்கு மூச்சு இழுத்துகினு கீதுன்னு போன் வந்துச்சி. நான் தெருவுல போயி ஆட்டோவோட நிக்கிறேன். இந்த மனுசன் உள்ள சட்டைக்குப் பட்டன் போட்டுகினு கீறாரு. ஒவ்வொண்ணா. நாங்க போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி." காபியைக் கீழே வைத்தார். "அவரு சீக்கிரமா வந்திருந்தாலும் பாத்திருக்க மாட்டேன்னு டாக்டரு சொன்னாரு. ஆனா அந்தப் பட்டன் கண்ணுலயே கீது. அடுத்த மாசமே எங்கப்பா ஊட்டுக்கு வந்துட்டேன். இதான் அந்த ஊடு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆட்டோவில் திருவேற்காட்டுக்குப் போனோம். ரவுடி போர்வைக்குள் என் மடியில். அக்கா மடியில் வைத்தால் நடுங்கும். அம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சந்தில், தன் தங்கை வீட்டின் தரைத்தளத்தில் அவர் இருந்தார். முன்னால் சின்ன முற்றம், ஒரு முருங்கை மரம், துவைக்கிற கல். அக்கா கேட்டைத் தட்டினார். உள்ளே செருப்பு தேடுகிற சத்தம். பிறகு நடக்கிற சத்தம். பிறகு எதுவுமில்லை. பிறகு மறுபடியும் நடக்கிற சத்தம்.

"பாரு" என்றார் அக்கா என்னிடம். "இது கதவு தொறக்குறதுக்கு. இன்னும் வான்னு சொல்லணும்."

கேட்டைத் திறந்தவர் அக்காவைப் பார்த்தார். மெலிந்த மனிதர், நெற்றியில் விபூதி. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறுவதற்கு நேரமாகும் போலிருந்தது.

"வா" என்றார், ஒருவழியாக.

ரவுடியைக் கீழே விட்டதும் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஓடிப் பதுங்கிக்கொண்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எங்களுக்கு ஸ்டூல் போட்டார். டீ போட உள்ளே போனார். டீ வருவதற்குள் நான் முருங்கை மரத்தின் கிளைகளை எல்லாம் நன்றாகப் பார்த்துமுடித்துவிட்டேன். அவர் டீயைக் கொடுத்துவிட்டு, கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அக்காவுக்குத் தாங்கவில்லை.

"இன்னாயா, நாயக் கொண்ணாந்துக்கீறேன். கூப்புட மாட்டியா அத்த?"

அவர் டீயை ஊதினார். ஒரு வாய் குடித்தார்.

"எதுக்கு?"

"எதுக்கா? அது உன்னாண்ட வரவேணாவா?"

"வரணும்னா வரும்."

"எப்போ?"

நன்றாக யோசித்தார். "தெரியாது" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். "இதுக்குத்தான்டி ஊட்ட உட்டு வந்தேன்."

ஆனால் எழுந்திருக்கவில்லை. மற்ற எல்லோரையும் கேட்ட கேள்விகளை அவரையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள். மழையில் எங்கே படுக்கும். வீட்டில் அசிங்கம் பண்ணினால் என்ன செய்வார். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் டீயையும் மரத்தையும் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். அந்த இடைவெளியில் அக்கா புடவைத் தலைப்பை முறுக்கினார், உதட்டைக் கடித்தார், ஆனால் குறுக்கே பேசவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டார். "ஒரு வருசம் ஆனாலும் அது உன்னாண்ட வரலன்னா?"

அவர் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வரலன்னா இன்னா? ஒரே ஊட்லதான இருப்போம்."

அக்காவிடமிருந்து உடனே பதில் வரும் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அவர் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "டீயில சக்கரையே இல்ல" என்றார். என் டீயில் சர்க்கரை அதிகமாகவே இருந்தது.

நாயை விட்டுவிட்டு வந்தோம். அதன்பிறகு தினமும் போன். அவர் எடுக்க நேரமாகும். எடுத்தால் பேச நேரமாகும். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணாடி முன்னால் வைத்துவிட்டு இரண்டு புருவம் திருத்தி முடிப்பார். அதற்குள் ஒரு வரி வரும். "இன்னிக்கி சோத்துல பாதி துன்னுச்சி." இன்னொரு நாள், "கல்லாண்டருந்து மரத்தாண்ட வந்துச்சி." நாற்காலியில் சாய்ந்திருக்கும் பெண்களுக்கும் ரவுடியின் கதை தெரிந்துபோயிற்று. "இன்னாக்கா, படியாண்ட வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். ஐப்பசி மழை ஆரம்பித்த பிறகு ஒரு நாள் ஸ்பீக்கரில் நெடுநேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவர் குரல். "உள்ள வந்துட்ச்சி. என் காலாண்ட பட்த்துகினு கீது."

அக்கா நூலை வாயிலிருந்து எடுத்தார். "கால ஆட்டாத" என்றார். "ஆட்டுன, வந்து வெட்டிடுவேன்." பாதிப் புருவத்தோடு ஒரு கல்லூரிப் பெண் நாற்காலியில் காத்திருந்தாள். அவளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா திருவேற்காட்டுக்குப் போக ஆரம்பித்தார். நாயைப் பார்க்கத்தான் என்று யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொன்னார். ரவுடி அவரைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விடுமாம். "காப்பாத்துனவ நானு. வாலாட்டுறது அவருக்கு" என்று வந்து புலம்புவார். மறு ஞாயிறு மறுபடியும் போவார்.

நாங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆவடிக்குப் போவதற்கு முந்தைய ஞாயிறு, ரவுடியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் கூடப் போனேன். நாய் நன்றாகச் சதை போட்டிருந்தது. அக்கா முற்றத்துப் படியில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஜுரமோ என்று நினைத்தேன். அவர் கணவர் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார். அதாவது, பாத்திரம் தேடிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து ரவுடி வெளியே வந்தது. வாசற்படியில் நின்றது. ஓர் அடி வைத்தது, நின்றது. அக்காவின் புடவைத் தலைப்பை மோந்தது. பிறகு, இதுவும் ஒரு பொருள்தான் என்பதுபோல, அவர் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

அக்காவின் தோள் விறைத்துப்போயிருந்தது. மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டார். கணவர் டீயோடு வந்து, பார்த்து, டம்ளரை அக்காவின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். டீ ஆறி ஏடு கட்டியது.

வெயில் இறங்கியது. எனக்கு மூட்டை கட்டுகிற வேலை பாக்கி இருந்தது.

"அக்கா, நேரமாச்சு. கெளம்பலாமா?" என்று காதருகில் கேட்டேன்.

"காலு மரத்துப்போச்சிடி" என்று உதடு அசையாமல் சொன்னார். "எழுந்தா ஓடிப்பூடும்."

"அப்போ எப்பக்கா வருவீங்க?"

அக்கா முருங்கை மரத்தைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். நான் காத்துக்கொண்டு நின்றேன்.

"தெரியாது" என்றார்.

நான் மட்டும் சந்து முனைக்கு நடந்து வந்து பஸ் ஏறினேன்.